காத்திருப்பின் விலை: போஸ்ட்கிரெஸ் சர்வர் அமைப்புகள் எளிமையான வரலாறு

2019 அக்டோபர் 3 அன்று போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு வெளியானது. அதற்கு முன், 2005இல் வந்த 8.0 பதிப்பு முதல் 11ஆம் பதிப்பு வரை, ஒரு சர்வர் பேக்கப்பிலிருந்து மீண்டெழ வேண்டுமானாலும் இன்னொரு சர்வரின் நகலாக ஓட வேண்டுமானாலும், அதன் டேட்டா டைரக்டரியில் ‘ரெக்கவரி.கான்ஃப்’ என்ற கோப்பு இருந்தாக வேண்டும். 12ஆம் பதிப்போ அந்தக் கோப்பைக் கண்டால், இதற்கு ஆதரவில்லை என்று லாக்கில் ஒரு வரி எழுதிவிட்டு ஓட மறுத்துவிடும். பதினான்கு ஆண்டுகளாகக் கட்டாயமாக இருந்த ஒன்று ஒரே பதிப்பில் தடைசெய்யப்பட்டதாக மாறியது. பழைய பயனர்களைக் கைவிடுவதில் மிகவும் தயக்கம் காட்டும் திட்டம் என்று பெயர் பெற்ற போஸ்ட்கிரெஸ், இவ்வளவு கடுமையாக ஏன் நடந்துகொண்டது? அந்தக் கடுமை சரிதானா? பெங்களூரின் அடுகோடியில் தொடங்கி, மடிவாளா வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஓசூர் சாலை நெடுக உள்ள அலுவலகங்களில் தரவுத்தளங்களைப் பராமரித்துப் பிழைப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னால் அவர்கள் விடை தேடியாக வேண்டிய கேள்வி. என் வாதம் இதுதான்: பழையதோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக ஒரு சீர்திருத்தத்தைத் தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பின்னால் உடையப்போகிறவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பொருள் மாறாத இடத்தில் பழைய பெயரை எத்தனை காலம் வேண்டுமானாலும் காப்பாற்றலாம். பொருள் மாறும் இடத்தில் சீக்கிரமாகவும் எல்லோருக்கும் தெரியும்படியாகவும் உடைப்பதே பயனருக்குச் செய்யும் நியாயம்.

இந்த வரலாறு 2001 ஏப்ரலில் வெளிவந்த 7.1 பதிப்பிலிருந்து தொடங்குகிறது. அதுவரை போஸ்ட்கிரெஸை இயக்குபவர் சிலவற்றைத் தொடக்கக் கட்டளையோடு சேர்க்கும் கொடிகளாகவும், சிலவற்றைச் சூழல் மாறிகளாகவும், இன்னும் சிலவற்றைத் தனியொரு சிறு கோப்பிலும் சொல்ல வேண்டியிருந்தது. எது எங்கே என்பதற்கு ஒழுங்கு இல்லை. பீட்டர் ஐசன்ட்ராட் எழுதிச் சேர்த்த புதிய ஏற்பாடு இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ‘மாபெரும் ஒருங்கிணைந்த அமைப்புமுறை’ என்று பொருள்படும் பெயரை அவர் அதற்கு இட்டார். இன்றும் போஸ்ட்கிரெஸ் வட்டத்தில் எந்த பாராமீட்டரையும் ‘கக்’ என்றே சொல்வார்கள். அந்தப் பெயரின் முதலெழுத்துகள்தாம் அவை. சர்வரின் மூலநிரலுக்குள் எல்லா பாராமீட்டர்களும் ஒரே அட்டவணையில் இடம்பெற்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர், வகை, இயல்பு மதிப்பு, எல்லை, எப்போது மாற்றலாம் என்ற விதி ஆகியவை அதிலேயே இருந்தன. சர்வரை மறுபடி தொடங்கினால்தான் மாறுபவை ஒரு வகை. கோப்பை மறுபடி படிக்கச் சொன்னாலே மாறுபவை இன்னொரு வகை. பயனர் தன் இணைப்புக்குள்ளேயே மாற்றிக்கொள்ளக்கூடியவை மூன்றாவது வகை. ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப்’ என்ற கோப்பு அந்த அட்டவணைக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று மட்டுமே. ‘ஷோ’ கட்டளை கொடுத்தால் எந்த மதிப்பு இப்போது நடப்பில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். போஸ்ட்கிரெஸில் பிற்காலத்தில் நடந்த எளிமைப்படுத்தல்கள் பெரும்பாலும் இந்த அட்டவணை என்ற அடித்தளத்தின் மேல் எழுந்தவையே.

ரெக்கவரி.கான்ஃப் இந்த அட்டவணைக்கு வெளியே பிறந்த பிள்ளை. 2005 ஜனவரியில் வந்த 8.0 பதிப்பு, சைமன் ரிக்ஸின் உழைப்பால், ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத் தரவுத்தளத்தை மீட்டெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. நேற்று மாலை 4 மணிக்கு ஒரு டேபிளைத் தவறாக அழித்துவிட்டால், 3.59 வரையிலான நிலைக்குப் பேக்கப்பையும், மாற்றங்கள் வரிசையாகப் பதிந்த பதிவேட்டுக் கோப்புகளையும் வைத்துத் திரும்பிப் போகலாம். அதற்கு வேண்டிய வரிகள், அதாவது பழைய பதிவேட்டுக் கோப்புகளை எங்கிருந்து எடுப்பது, எந்த நேரம் வரை செல்வது என்பவை, ரெக்கவரி.கான்ஃபில் எழுதப்பட்டன. மீட்பு முடிந்ததும் சர்வரே அந்தக் கோப்பின் பெயரை ‘ரெக்கவரி.டன்’ என்று மாற்றிவிடும். அன்றைய சூழலில் இந்த வடிவமைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீட்பு என்பது எப்போதோ ஒருமுறை, பதற்றத்தில், கையால் செய்யும் வேலை. முடிந்ததும் கோப்பு தானாக விலகிக்கொள்வது நல்ல பாதுகாப்புதான். ஆனால் அதற்குள் இரண்டு வேறுபட்ட விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. கோப்பில் எழுதியிருந்தவை அமைப்புகள். கோப்பு அங்கே இருக்கிறதா இல்லையா என்பது சர்வரின் நிலை. பிற்காலத் தொல்லைகள் அத்தனையும் இந்த ஒட்டிலிருந்துதான் கிளம்பின.

2010 செப்டம்பரில் 9.0 வந்தபோது நிலைமை அடியோடு மாறியது. பிரைமரி சர்வரிலிருந்து ஸ்டாண்ட்பை சர்வருக்கு மாற்றங்கள் வலைவழி ஓடையாகப் பாய்வதும், அந்த ஸ்டாண்ட்பையிலிருந்தே வாசிப்புக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அந்தப் பதிப்பில் கைகூடின. ஸ்டாண்ட்பை என்பது முடிவே இல்லாமல் மீட்பு நடந்துகொண்டிருக்கும் சர்வர். ஆகவே அதன் அமைப்புகளும் இயல்பாக ரெக்கவரி.கான்ஃபுக்குள் போய் உட்கார்ந்தன: ஸ்டாண்ட்பையாக ஓடு என்று ஒரு வரி, பிரைமரியின் முகவரியும் பயனர் பெயரும் கொண்ட ஒரு வரி, எந்தக் கோப்பு தோன்றினால் பிரைமரியாகப் பதவியேற்க வேண்டும் என்று ஒரு வரி. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்பட்ட கோப்பு இரவும் பகலும் ஓடும் ஒவ்வொரு ஸ்டாண்ட்பைக்கும் அடிப்படையாகிவிட்டது. அட்டவணைக்கு வெளியே இருந்ததால், பிரைமரியின் முகவரி என்னவென்று ஓடும் ஸ்டாண்ட்பையிடம் ‘ஷோ’ போட்டுக் கேட்க முடியாது. பிரைமரி வேறு இடத்துக்கு மாறினால், ஒரு வரியைத் திருத்துவதற்காக ஸ்டாண்ட்பையையே நிறுத்தித் தொடங்க வேண்டும். அதிலிருந்து வாசித்துக்கொண்டிருந்த செயலிகளின் இணைப்பெல்லாம் அறுபடும். டெபியன், உபுண்டு சர்வர்களில் மற்ற அமைப்புகள் இடிசி டைரக்டரியில் இருக்க, இந்த ஒரு கோப்பு மட்டும் டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும். ஆன்சிபிள் போன்ற கருவியால் கோப்புகளை நிர்வகிப்பவருக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. ஸ்டாண்ட்பை பிரைமரியாகப் பதவியேற்று, கோப்பும் ரெக்கவரி.டன் என்று மாறிய பிறகு, கோப்பைக் காணோமே என்று கருவி அதை மறுபடி எழுதிவைத்தால், அடுத்த முறை சர்வர் தொடங்கும்போது பிரைமரி பழையபடி ஸ்டாண்ட்பையாக எழுந்து நிற்கும்.

இந்தக் குறை 9.0 வெளிவந்த கையோடு தெரிந்துவிட்டது. 2011 செப்டம்பரிலேயே ஃபுஜி மசாவோ இரு கோப்புகளையும் ஒன்றாக்கும் நிரல்திருத்தத்தை முன்வைத்தார். ஆனால் அது பதிப்பில் சேர ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. சைமன் ரிக்ஸ், அவருக்குப் பின் இந்தியரான அபிஜித் மேனன்-சென், கடைசியாகச் செர்ஜி கொர்னிலோவ் என்று கைமாறி, 2018 நவம்பரில்தான் பீட்டர் ஐசன்ட்ராட் அதை மூலநிரலில் சேர்த்தார். 12ஆம் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு இந்த மாற்றத்துக்கு ஃபுஜி முதல் கொர்னிலோவ் வரையிலான நால்வரின் பெயர்களையும் சொல்கிறது. இடையில் வந்த முட்டுக்கட்டைகளில் முதன்மையானது பின்னிணக்கம்: ரெக்கவரி.கான்ஃபை எழுதும் ஸ்கிரிப்டுகளும் கருவிகளும் உடைந்துபோகும் என்ற கவலை. அது நியாயமான கவலை. ஆனால் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2011இல் ஓடைவழி நகலெடுப்பைக் கையாண்டவர்களுக்கு ஓராண்டு அனுபவம்தான். அவர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள். அடுத்த ஏழு ஆண்டுகளில் ரெப்எம்ஜிஆர், பத்ரோனி, பார்மன், பிஜிபேக்ரெஸ்ட் என்று ஒவ்வொன்றும் ரெக்கவரி.கான்ஃபைத் தானாக எழுதும் முதிர்ந்த கருவியாக வளர்ந்து நின்றது. பயிற்சிக் கையேடுகள், நிறுவனங்களின் உள்நடைமுறை ஆவணங்கள், பேரிடர்க் காலச் சரிபார்ப்புப் பட்டியல்கள் எல்லாம் அந்தக் கோப்பின் பெயரைச் சுற்றியே எழுதப்பட்டன. உடையும் என்று பயந்து காத்த காலத்தில் உடையக்கூடியவை பன்மடங்காகிவிட்டன. 2012இல் செய்திருந்தால் ஆயிரம் பேர் முணுமுணுத்திருப்பார்கள் என்றால், 2019இல் அதைச் சுமந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காத்திருந்த காலம் வீண்போகவில்லை, வடிவமைப்பு அதற்குள்தான் பக்குவப்பட்டது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. 12ஆம் பதிப்பு கொண்டுவந்த தீர்வு, இரண்டு கோப்புகளை வெறுமனே ஒட்டியதோடு நிற்கவில்லை. அமைப்புகள் எல்லாம் பொது அட்டவணைக்குள் வந்தன. சர்வரின் நிலையைச் சொல்ல ‘ஸ்டாண்ட்பை.சிக்னல்’, ‘ரெக்கவரி.சிக்னல்’ என்று இரண்டு வெற்றுக் கோப்புகள் பிறந்தன. கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஒன்று போய் இரண்டு வந்திருக்கிறது. ஆனாலும் முன்பைவிட இது எளிமை. அமைப்பும் நிலையும் பிரிந்துவிட்டதால், பிரைமரியாகப் பதவியேற்ற சர்வரில் பழைய பிரைமரியின் முகவரி எழுதிய வரி அப்படியே கிடந்தாலும் கேடில்லை. சிக்னல் கோப்பு இல்லாவிட்டால் அதை யாரும் மதிப்பதில்லை. மீட்பின் இலக்காக நேரத்தையும் பரிவர்த்தனை எண்ணையும் சேர்த்து எழுதினால் கடைசியில் இருப்பது செல்லும் என்றிருந்த பழைய விதியும் அத்தோடு போயிற்று. இப்போது இரண்டு இலக்கு எழுதினால் சர்வர் ஏற்காது. இவை எல்லாம் நல்ல முடிவுகள்தான். ஆனால் இந்தப் பக்குவத்தின் பலன் பயனரின் கைக்கு எப்போது வந்தது? பிரைமரியின் முகவரியை சர்வரை நிறுத்தாமல் மாற்றும் வசதி 2020இல் 13ஆம் பதிப்பில் வந்தது. பதிவேட்டை எடுத்துவரும் கட்டளைக்கு அதே வசதி 2021இல் 14ஆம் பதிப்பில் கிடைத்தது. முதல் படி தாமதமானதால் அதன் மேல் ஏறவேண்டிய படிகளும் தாமதமாயின. பக்குவப்பட ஏழு ஆண்டு தேவைப்பட்டது என்பதைவிட, அந்த ஏழு ஆண்டில் பெரும்பகுதி தயக்கத்தில் கழிந்தது என்பதே என் கணிப்பு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மாற்றட்டும், ஆனால் பழைய கோப்பையும் சில பதிப்புகள் வரை படித்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு விட்டிருக்கலாமே? தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் அப்படித்தானே நடந்தது? பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் கையாளத் தொடங்கிய எழுத்து வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஆணையாக்கியது. பழைய வளைவுகளோடு அச்சான நூல்களை அதன் பிறகும் நாம் தடையில்லாமல் வாசித்துவருகிறோம். ஆனால் வாசகரின் கண் இரண்டு வடிவத்தையும் பார்த்துச் சூழலை வைத்துப் பொருள்கொள்ளும். சர்வருக்கு அந்தத் திறன் இல்லை. ரெக்கவரி.கான்ஃபில் ஒரு பிரைமரி முகவரியும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃபில் வேறொரு முகவரியும் இருந்தால் எதை நம்புவது? அதைவிடக் கொடியது, பழைய கோப்பைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டு ஓடத் தொடங்குவது. அந்தக் கோப்புதான் ‘நான் ஸ்டாண்ட்பை’ என்பதற்கான ஒரே அடையாளம். அதைப் புறக்கணித்தால் ஸ்டாண்ட்பை தன்னைப் பிரைமரி என்று எண்ணிக்கொண்டு புதிய தரவை எழுத அனுமதிக்கத் தொடங்கும். ஒரே தரவுத்தளத்துக்கு இரண்டு பிரைமரிகள் இருக்கும். இரண்டிலும் வெவ்வேறு பரிவர்த்தனைகள் பதியும். மாதங்கள் கழித்துக் கணக்கு இடிக்கும்போதுதான் தெரியவரும். அப்படிப் பிரிந்துபோன இரு வரலாறுகளை ஒன்றுசேர்க்க எந்தக் கருவியாலும் முழுமையாக இயலாது. ஓட மறுக்கும் சர்வரைப் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஆகவே இந்த இடத்தில் கடுமைதான் கருணை.

மற்றத் தரவுத்தளங்கள் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்டன. ஆரக்கிள் 2001இல் 9ஐ பதிப்பில், கையால் திருத்தும் இனிட்.ஓரா கோப்புக்குப் பக்கத்தில் சர்வரே எழுதும் எஸ்பிஃபைலைக் கொண்டுவந்தபோது பழையதையும் விட்டுவைத்தது. வழக்கொழிந்த பாராமீட்டர் எழுதியிருந்தால் ஓஆர்ஏ-32004 என்ற எச்சரிக்கையைக் காட்டிவிட்டுத் தொடங்கிவிடும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கண் பழகிப்போன டிபிஏக்கள் பலர். மைஎஸ்க்யூஎல் வேறோர் உத்தி வைத்திருக்கிறது. பாராமீட்டர் பெயருக்கு முன்னால் ‘லூஸ்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தால், அந்தப் பதிப்புக்குத் தெரியாத பெயராக இருந்தாலும் எச்சரித்துவிட்டு நகர்ந்துவிடும். ஒரே கோப்பைப் பல பதிப்புகளுக்கு வைத்திருப்பவருக்கு இது உதவிதான். ஆனால் முன்னொட்டு போடாதவருக்கு அங்கும் சலுகை இல்லை: 2018இல் 8.0 வந்தபோது கேள்விகளின் விடையைச் சேமித்துவைக்கும் ‘குவெரி கேஷ்’ முற்றாக நீக்கப்பட்டது, மை.சிஎன்எஃப் கோப்பில் அதற்கான வரி எஞ்சியிருந்தால் சர்வர் தொடங்காது. விரும்புகிறவர் வெளிப்படையாகக் கேட்டால் மட்டும் தளர்வு, மற்றவர்களுக்குக் கண்டிப்பு என்ற மைஎஸ்க்யூஎல்லின் இந்தப் பகுப்பு போஸ்ட்கிரெஸுக்கும் வந்தால் நன்று என்பது என் எண்ணம். எல்லோருக்கும் எச்சரிக்கை மட்டும் என்ற ஆரக்கிளின் வழி, எச்சரிக்கைகளைப் படிக்காத பழக்கத்தை வளர்த்துவிடுகிறது.

எல்லா மாற்றத்தையும் இப்படிக் கடுமையாகச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போஸ்ட்கிரெஸும் அப்படிச் செய்யவில்லை. 2005இல் வந்த அதே போஸ்ட்கிரெஸ் 8.0 பதிப்பில் ‘சார்ட் மெம்’ என்ற பாராமீட்டர் ‘வொர்க் மெம்’ ஆகவும், ‘வேக்யூம் மெம்’ என்பது ‘மெயின்டனன்ஸ் வொர்க் மெம்’ ஆகவும் பெயர் மாறின. வரிசைப்படுத்தலுக்கு மட்டுமின்றி ஹாஷ் வேலைகளுக்கும் அந்த நினைவகம் பயன்பட்டதால் பழைய பெயர் பொருந்தாமல் போயிருந்தது. ஆனால் இருபது ஆண்டுகள் கழிந்தும் பழைய பெயரை எழுதினால் சர்வர் ஏற்றுக்கொள்கிறது. மூலநிரலில் பழைய பெயர்களுக்கும் புதிய பெயர்களுக்கும் ஒரு சிறு அட்டவணை உண்டு. அதன் தலையில் உள்ள குறிப்பு, புதியதன் பொருள் பழையதற்கு மிக நெருக்கமாக இருந்தால் மட்டுமே இங்கே சேர்க்க வேண்டும் என்று எச்சரிக்கிறது. நெடுங்காலம் அதில் அந்த இரண்டு பெயர்கள்தாம் இருந்தன. 2023இல் 16ஆம் பதிப்பில் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது. பராமரிப்புச் செலவு அநேகமாகப் பூஜ்யம், பயனருக்குத் தீங்கும் இல்லை. இந்த மாதிரி இடங்களில் பழையதை ஒழிப்பது வீண் பிடிவாதம்.

அந்தக் குறிப்பின் அருமை 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பில் தெரிந்தது. அதுவரை செக்பாயின்ட் எத்தனை பதிவேட்டுக் கோப்புக்கு ஒருமுறை நடக்க வேண்டும் என்பதைச் ‘செக்பாயின்ட் செக்மென்ட்ஸ்’ தீர்மானித்தது. இயல்பு மதிப்பு 3. ஒவ்வொரு கோப்பும் 16 எம்பி. எழுத்து சற்று அதிகமான எந்த சர்வரிலும் செக்பாயின்ட் அடிக்கடி நடக்கிறது, எண்ணைக் கூட்டு என்று லாக் நிரம்பி வழியும். சரி, 32 என்று கூட்டுவோம். அதற்கு எவ்வளவு வட்டு வேண்டும்? கோப்பின் அளவு, ஒரு செக்பாயின்ட் முடியுமுன் அடுத்தது தொடங்கும் கணக்கு எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். பயனர் அறிய விரும்பியது வட்டில் எவ்வளவு இடம் என்பதை. பாராமீட்டர் கேட்டதோ சர்வரின் உள்வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதை. 9.5 இதைத் தலைகீழாக்கியது. ‘மேக்ஸ் வால் சைஸ்’ என்று நேரடியாக அளவைக் கேட்டது, இயல்பு 1 ஜிபி. பழையதிலிருந்து மாறுபவர்களுக்கு வெளியீட்டுக் குறிப்பு ஒரு சூத்திரம் தந்தது: பழைய எண்ணை 3ஆல் பெருக்கி, மறுபடி 16 எம்பியால் பெருக்கவும். 32 என்று வைத்திருந்தவருக்கு 1536 எம்பி வரும். சூத்திரமே இருக்கும்போது சர்வரே கணக்குப் போட்டுப் பழைய பெயரை ஏற்றிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஏற்றிருந்தால், 32 என்று எழுதியவர் பழைய நடத்தையே தொடர்கிறது என்று நம்பியிருப்பார். தொடர்ந்திருக்காது; புதிய முறையில் சர்வர் எழுத்தின் வேகத்தைப் பார்த்துக் கோப்புகளை வைத்துக்கொள்ளும் விதமே வேறு. பெயர் ஒத்து, பொருள் வேறாவது பெயர் அழிவதைவிடக் கெடுதல்.

இந்த நெறியை போஸ்ட்கிரெஸ் எப்போதும் காப்பாற்றியதா என்றால், இல்லை. வட்டிலிருந்து எத்தனை பக்கங்களை முன்கூட்டிக் கேட்டுவைக்கலாம் என்பதைச் சொல்லும் ‘எஃபெக்டிவ் ஐஓ கன்கரன்சி’ பாராமீட்டரின் பொருள் 13ஆம் பதிப்பில் மாறியது, பெயர் மாறவில்லை. முன்பு கொடுத்த எண்ணை சர்வர் ஒரு தொடர்கூட்டல் கணக்கால் பெருக்கிப் பயன்படுத்தும். பிறகு கொடுத்த எண்ணையே நேராக எடுத்துக்கொண்டது. பழைய 4க்கு ஈடு புதிய 8. வெளியீட்டுக் குறிப்பைப் படித்து அங்கே தரப்பட்ட கேள்வியை ஓட்டிப் பார்த்தவருக்கு இது தெரியும். மற்றவர்களின் சர்வர் சற்று வேகம் குறைந்து ஓடியிருக்கும், காரணம் புலப்படாமல். வேகம் மட்டுமே பாதிக்கும், தரவுக்குச் சேதமில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஒரு புதுப் பெயர் இட்டுப் பழையதை மறுத்திருந்தால் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று கணக்குப் போட்டிருப்பார்கள். இந்த ஒன்றில் போஸ்ட்கிரெஸ் எடுத்த முடிவு தவறு என்றே கருதுகிறேன்.

பெயரும் கோப்பும் ஒருபுறம் இருக்க, பாராமீட்டரே தேவைப்படாமல் போவதுதான் உச்சமான எளிமை. 2009இல் வந்த 8.4 பதிப்புக்கு முன், டேபிள்களில் காலியாகக் கிடக்கும் பக்கங்களை நினைவில் வைக்க எவ்வளவு இடம் என்று பயனரே முன்கூட்டிச் சொல்ல வேண்டும். குறைவாகச் சொன்னால் சர்வர் காலி இடங்களை மறந்துவிடும், டேபிள்கள் ஊதிப் பெருகும். ஹெய்க்கி லின்னகாங்கஸ் அந்தக் கணக்கை வட்டுக்கு மாற்றியபோது இரண்டு பாராமீட்டர்கள் ஒரேயடியாக மறைந்தன. அவற்றுக்காக யாரும் அழவில்லை. 2013இல் 9.3 பகிர்வு நினைவகத்தைப் பெறும் வழியை மாற்றியதும், லினக்ஸ் கெர்னலின் ‘எஸ்ஹெச்எம்மேக்ஸ்’ எல்லையை உயர்த்தாமல் சர்வர் எழாது என்ற நிறுவல்காலச் சடங்கும் ஒழிந்தது. 2017இல் 10ஆம் பதிப்பு பதிவேட்டுக் கோப்புகள் இருக்கும் ‘பிஜி எக்ஸ்லாக்’ டைரக்டரியை ‘பிஜி வால்’ என்று மாற்றியதற்கும் இதே இடத்தில் நியாயம் உண்டு. பெயரில் ‘லாக்’ இருப்பதைப் பார்த்து, வட்டு நிரம்பியபோது அதைச் சாதாரண லாக் என்று எண்ணி அழித்துத் தரவுத்தளத்தையே இழந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பெயரை நம்பிய கண்காணிப்பு ஸ்கிரிப்டுகள் உடைந்தன என்பது மெய். இழந்த தரவுத்தளத்தோடு ஒப்பிட்டால் அது சிறு விலை.

எளிமைப்படுத்தலில் இந்தியாவிலிருந்து வந்த முக்கியமான பங்களிப்பு ‘ஆல்டர் சிஸ்டம்’ கட்டளை. 2014 டிசம்பரில் வந்த 9.4 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு அதை அமித் கபிலாவின் பெயரில் பதிவுசெய்கிறது. அதன் வேலையைத் தொடங்கியபோது அவர் ஹுவாவே நிறுவனத்தில் இருந்தார். அதன் இந்திய ஆய்வு மையம் பெங்களூரில் உள்ளது. சர்வருக்குள் நுழைந்து கோப்பைத் திருத்தும் அனுமதி இல்லாதவரும், எஸ்க்யூஎல் இணைப்பிலிருந்தே பாராமீட்டரை நிலையாக மாற்ற இது வழிசெய்தது. பின்னிணக்கத்தைப் பேணிய விதம் கவனிக்கத்தக்கது. பயனர் கையால் எழுதிய கோப்பை சர்வர் தொடுவதில்லை. தன் மாற்றங்களைப் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.ஆட்டோ.கான்ஃப்’ என்ற தனிக் கோப்பில் எழுதி, அதைக் கடைசியாகப் படிக்கும். கடைசியில் படித்ததே செல்லும். பழைய முறையில் வேலை செய்தவருக்கு எதுவும் உடையவில்லை. ஆனாலும் புதிய குழப்பம் ஒன்று முளைத்தது: முதன்மைக் கோப்பில் ஒரு மதிப்பைத் திருத்தி, மறுபடி படிக்கச் சொல்லியும் மாறவில்லையே என்று தேடுபவர், ஆட்டோ கோப்பில் யாரோ எப்போதோ எழுதிவைத்த வரியைக் கண்டுபிடிக்க நேரமாகும். குபெர்னெட்டிஸில் எல்லா அமைப்பையும் வெளியிலிருந்து கட்டுப்படுத்துபவர்களுக்கு இது இன்னும் தொல்லை. அதனால் 2024இல் 17ஆம் பதிப்பு, இந்தக் கட்டளையையே மூடிவைக்க ஒரு புதிய பாராமீட்டரைத் தந்தது. எளிமைக்காக வந்த வசதியை அடக்க இன்னொரு பாராமீட்டர் என்பதை முரணாக நான் பார்க்கவில்லை. எளிமை யாருக்கு என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அதை ஒப்புக்கொண்ட வடிவமைப்பு அது.

மிஞ்சியிருப்பது சிறியவர்களின் சார்பில் எழும் மறுப்பு. பெரிய நிறுவனங்களுக்கு ஆள்பலம் உண்டு. ஒரு மாநகராட்சியோ சிறு மருத்துவமனையோ ஒவ்வொரு பதிப்புக்கும் தன் ஸ்கிரிப்டுகளை மாற்றிக்கொண்டிருக்க முடியுமா? நம் நாட்டில் இந்தக் கேள்வி கனமானது. 2015இல் மத்திய அரசு திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. பெங்களூரின் ஈகவர்ன்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் உருவாக்கிய ‘டிஜிட்’ தளமும், எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஐஐஐடி பெங்களூரில் 2018இல் தொடங்கிய ‘மோசிப்’ அடையாளத் தளமும் போஸ்ட்கிரெஸ் மேல் நிற்பவை. ஓர் உடைப்பு அங்கே வரிக் கட்டணத்தையும் அடையாள அட்டையையும் தொடும். ஆனால் போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரும்பதிப்புக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. ரெக்கவரி.கான்ஃபை ஏற்ற கடைசிப் பதிப்பான 11க்குத் திருத்தங்கள் 2023 நவம்பர் வரை வந்தன. 12 வெளியான நாளிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல், மாறாதவரை யாரும் துரத்தவில்லை. பதிப்பு தாவும் ‘பிஜி அப்கிரேட்’ கருவியும் பழைய அமைப்புக் கோப்பைப் புதியதன் மேல் நகலெடுப்பதில்லை. எதைக் கொண்டுபோவது என்று நிர்வாகியே தீர்மானிக்க வேண்டும். சிறியவருக்கு உண்மையான ஆபத்து அவர் எதுவுமே எழுதாமல் நம்பியிருக்கும் இயல்பு மதிப்புகள் மாறும்போதுதான். அமைப்புக் கோப்பில் எழுதியவருக்கு அவர் எழுதியதே செல்லும். எழுதாதவரைத்தான் மாற்றம் ஓசையில்லாமல் வந்தடைகிறது. 14ஆம் பதிப்பில் கடவுச்சொல் சேமிப்பு முறையின் இயல்பு எம்டி5இலிருந்து ஸ்க்ராமுக்கு மாறியதும், பழைய கிளையன்ட் நூலகங்களை வைத்திருந்த செயலிகளால் புதிதாக உருவாக்கிய பயனராக உள்நுழைய முடியாமல் போனது அப்படிப்பட்டதே.

2025 செப்டம்பரில் வந்த 18ஆம் பதிப்பு இந்த வகை மாற்றத்தை எப்படிச் செய்யலாம் என்பதற்கு நல்ல சோதனை. புதிதாக உருவாக்கும் தரவுத்தளங்களில் ஒவ்வொரு பக்கத்துக்கும் சரிபார்ப்புக் கூட்டு எழுதுவது இனி இயல்பு. வட்டு ஒரு பிட்டைத் தவறாகத் திருப்பித் தந்தாலும் சர்வர் கண்டுபிடிக்கும். வேண்டிய மாற்றம்தான். பழைய தரவுத்தளங்கள் பலவற்றில் அது இல்லை என்பதால், பிஜி அப்கிரேட் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தொடங்கும் முன்பே நின்றுவிடுகிறது. நிர்வாகி அங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: புதியதைச் சரிபார்ப்பு இல்லாமல் உருவாக்கலாம், அல்லது பழைய சர்வரை நிறுத்திவைத்து, அதற்கென உள்ள கருவியால் எல்லாப் பக்கங்களுக்கும் சரிபார்ப்பை எழுதிவிட்டுப் பிறகு மேம்படுத்தலாம். முதலாவதற்கு ஒரு கொடி போதும். இரண்டாவதற்கு டெராபைட் கணக்கில் தரவு உள்ள இடத்தில் மணிக்கணக்கான நிறுத்தம் வேண்டும். அந்த நிறுத்தத்துக்கு அனுமதி கேட்டு எழுதும் கடிதத்தில் காரணத்தைத் தெளிவாகச் சொல்லும்படி இம்முறை சர்வரே வழிசெய்திருக்கிறது.